தக்காளிக்குக் குளிரும் என்று கட்டிய வீடு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மனதில் தானாக உதித்ததல்ல. ஆர்டர் கொடுத்துச் செய்யச் சொன்னது. சென்னையில் ஒரு மாதப் பத்திரிகை நடத்துகிற ஆசிரியர் தசராப் பொருட்காட்சி பார்க்க மைசூருக்கு வந்தார். நான் மண்டி மொஹல்லாவில் ஓர் அச்சகத்தில் புரூப் திருத்துகிறவன். எப்போதாவது கதை எழுதுவேன். அவர் மசாலா தோசை சாப்பிட்டார், நான் எதிரே உட்கார்ந்து உபதேசம் கேட்டேன்.

"அழுகை வேண்டாம் சார். சாவு வேண்டாம். சுதந்திரம் வந்து அஞ்சு வருஷமாச்சு, நம்ம கதைகள்ல இன்னும் ஒருத்தனும் ஒரு செங்கல்லைக்கூட எடுத்து வைக்கலை. எதையாவது கட்டுற கதையா குடுங்க. ஆக்கபூர்வமா இருக்கணும். பொங்கல் மலருக்கு."

கை கழுவப் போகும்போது திரும்பிப் பார்த்து, "ஒரு பொம்பளை கேரக்டரும் இருக்கட்டும்" என்றார். சட்னி கேட்கிற அதே குரலில்தான் கேட்டார்.

கட்டுகிற கதைக்கு நான் எங்கே போவது? என் வாழ்க்கையில் நான் கட்டியது வேட்டி மட்டும்தான். அப்போதுதான் நஞ்சன்கூடு போகிற சாலையருகே போன மழைக்காலத்தில் பார்த்த ஒரு மண்சுவர் ஞாபகம் வந்தது. சுவரின் நடுவயிற்றிலிருந்து ஒரு பூசணிக்கொடி கிளம்பித் தொங்கியது. கொடியில் ஒரு பிஞ்சு. சுவர்க்காரரைப் போலத் தெரிந்த ஒருவர் குடையோடு நின்றிருந்தார். "என்ன சார், சுவர் காய்ச்சிருக்கு?" என்று கேட்டேன். "சுவர் இல்லை சார், கிரீன் ஹவுஸ்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் கட்டியது. கட்டத் தொடங்கிய விதத்தையும் பாருங்கள்:

'பாரத மாதாவின் புதல்வர்கள் மண்வெட்டி ஏந்திப் புறப்பட்ட அந்தப் பொன்னான காலைப்பொழுதில்...' எந்தக் காலைப்பொழுது? நான் பார்த்த காலைகளில் ரேஷன் கடை வரிசைதான் இருந்தது. அடித்தாயிற்று.

'சாமுண்டி மலைமேல் மேகம் கவிந்திருந்தது. பிரகாசம்...' மைசூரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அந்த மலையில் ஏறித்தான் இறங்குகிறார்கள். எனக்கு மூட்டுவலி. இதையும் அடித்தாயிற்று.

'பிரகாசம் நல்லவர்.' இது இருக்கட்டும். பின்னால் என் கழுத்தை நெரிக்கப் போகிற வாக்கியம் இதுதான், ஆனாலும் இருக்கட்டும்.

2

பிரகாசம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், மனைவியிடம் குரல் உயர்த்தியதில்லை, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறியதில்லை. அவரிடம் இருந்த ஒரே கெட்ட சகவாசம் ஓர் அமெரிக்கப் பத்திரிகை. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு பாதிரியார் விட்டுப்போன காகிதக் கட்டுக்குள் அது கிடந்தது. அதில் ஒரு படம். வெளியே முழங்கால் அளவு பனி. கெட்டியாக இடித்துக் கட்டிய மண்சுவர். தெற்கே முழுக்கக் கண்ணாடி. உள்ளே குண்டாக ஒருவன் முட்டைக்கோஸைக் குழந்தைபோல் ஏந்திக்கொண்டு சிரிக்கிறான். கீழே: 'வருடம் முழுவதும் விளைச்சல்!'

விஷயம் எளிது. பகலில் கண்ணாடி வழியாக வருகிற வெயிலைத் தடித்த மண்சுவர் வாங்கி வைத்துக்கொள்ளும். பனி கொட்டும்போது அந்தச் சூட்டைச் செடிகளுக்குத் திருப்பிக் கொடுக்கும். வெளியே உலகமே உறைந்து கிடக்க, உள்ளே தக்காளி பழுக்கும். அருமையான ஏற்பாடு. பனி மட்டும்தான் வேண்டும்.

மைசூரில் பனி இல்லை. மார்கழியில் ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொள்வோம், அதுவும் ஸ்வெட்டர் இருப்பதைக் காட்டிக்கொள்ள. தேவராஜா மார்க்கெட்டில் எந்த மாதம் போனாலும் கத்தரிக்காய் குவிந்து கிடக்கும், கீரைக்காரி நம்மைத் திட்டியாவது ஒரு கட்டைத் தலையில் கட்டுவாள். இந்த ஊரில் ஒரு செடி சாக வேண்டுமென்றால் யாராவது பிரத்தியேகமாக முயற்சி எடுக்க வேண்டும்.*

இதை அவருடைய மனைவி ஜூடித் ஒரே வாக்கியத்தில் கேட்டாள். ஜூடித் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சுற்றி வளைத்துப் பேச அவளுக்கு நேரம் கிடையாது.

"என்னங்க, இங்கதான் வருஷம் பூரா எல்லாம் வெளையுதே?"

பிரகாசம் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அது தானா வெளையுது ஜூடித். இது சயின்ஸா வெளையும்."

(* அந்த முயற்சியைத்தான் இந்தக் கதை சொல்லப் போகிறது. ஆசிரியர் கவனிக்கவும்: ஆக்கபூர்வமான முயற்சி.)

3

இப்போது பொம்பளை கேரக்டர்.

ஜூடித் இருக்கிறாளே, போதாதா என்று முதலில் நினைத்தேன். போதாது. மனைவி என்பவள் நம் கதைகளில் பாத்திரமல்ல, பாத்திரம் கழுவுகிறவள். இன்னொருத்தி வேண்டும். சரி, ஜூடித்துக்கு ஒரு தங்கை, பெயர் ஐவி என்று போட்டேன். அழகாக இருக்கட்டும் என்று... இல்லை. அழகை எடுத்துவிட்டேன். அழகாக இருந்தால் பிரகாசம் அவளைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார், கதை வேறு தெருவுக்குப் போய்விடும். இந்தக் கதையில் பிரகாசம் ஐவியைப் பார்க்கவே கூடாது. அதுதான் கதை.

ஐவியின் கணவர் பெங்களூரில் ஒரு கம்பெனியில் கிளார்க். டைபாய்டு வந்து போய்விட்டார். (சாவு வேண்டாம் என்றார் ஆசிரியர். இந்தச் சாவு கதை தொடங்குவதற்கு முன்பே நடந்துவிட்டது, அதற்கு நான் ஜவாப்தாரியல்ல.) பிள்ளை இல்லை. அக்கா வீட்டுக்கு வந்தாள். கன்னியர் மடத்தில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிற வேலை கிடைத்தது. மிச்ச நேரத்தில் வீட்டிலேயே தைத்தாள்.

அவள் படுத்தது சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருந்த நடையில். பக்கத்தில் டிரங்குப் பெட்டி, தலைமாட்டில் தையல் மெஷின். யாருக்கு வெந்நீர் வேண்டுமானாலும் அவள் எழுந்து பாயைச் சுருட்ட வேண்டும். புடவை மாற்ற வேண்டுமென்றால் வீட்டில் எல்லோருடைய நடமாட்டத்தையும் கணக்குப் போட வேண்டும். அவள் முகம் சுளித்ததில்லை. அதனாலேயே யாருக்கும் அது ஒரு கஷ்டமாகத் தெரியவில்லை.

கணவரின் அண்ணனுக்கு சாமராஜநகரில் தானிய வியாபாரம். நிறையப் பிள்ளைகள், ஓயாமல் படுத்துக்கிடக்கிற மனைவி, சமைக்க ஆள் இல்லாத அடுப்பு. அவர் வந்து மரியாதையாகப் பேசினார்: "நம்ம வீட்டு மருமக நடைவழியில படுத்திருக்கிறது நமக்கு நல்லா இல்லீங்க. அங்கே வந்தா மூட்டைங்க பக்கத்துல தாராளமா எடம் இருக்கு."

அப்போதுதான் பிரகாசம் எல்லோர் முன்னாலும் சொன்னார். "ஐவி இங்கேதான் இருப்பா. பின்னால இருக்கிற காலி மனையில அவளுக்குன்னு ஒரு ரூம் கட்டறேன். கிறிஸ்மஸுக்குள்ள முடிச்சிருவேன்."

சாமராஜநகர்க்காரர் தலையாட்டினார். ரூம் இருந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் கிறிஸ்மஸ் கழித்து வந்து அழைத்துப்போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அன்றைக்கு ஐவிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷம். தையல் வகுப்பும், கையில் தொழிலும், தனக்கென்று நான்கு சுவரும். அதற்குமேல் அவள் எதுவும் ஆசைப்படவில்லை.

எழுதிக்கொண்டிருந்த எனக்கு இங்கேதான் முதல் சந்தேகம் வந்தது. ஒரு ரூமுக்காக ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்படுவாளா? மிகையாக இருக்கிறதோ என்று என் வீட்டில் கேட்டேன். "நீங்க எழுதறதுக்கு ஒரு மேஜை வேணும்னு எத்தனை வருஷமா உயிரை எடுக்கறீங்க? நான் எங்கே உட்கார்ந்து எதைப் பண்றேன்னு என்னிக்காவது கேட்டீங்களா?" என்று பதில் வந்தது. வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

4

அறை எப்படிக் கண்ணாடி வீடாக மாறியது?

இங்கே பிரகாசத்தை ஒரு வில்லனாக மாற்றிவிடலாம் என்று பார்த்தேன். 'அவருடைய உதட்டில் ஒரு குரூரப் புன்னகை...' பொய். அந்த மனுஷருக்குப் புன்னகையே அபூர்வம். அவர் வரைய உட்கார்ந்தார், அவ்வளவுதான் நடந்தது. ஐவியின் அறைக்கு பிளான் வரைய ஆரம்பித்தார். சிமெண்டுக்கு பர்மிட், செங்கல் விலை, எல்லாம் யோசித்து மண்சுவர் என்று முடிவு செய்தார். மண்சுவர் என்றதும் அமெரிக்காவின் ஞாபகம் வந்தது. தடித்த சுவராகப் போட்டார். தெற்கே ஒரு ஜன்னல் போட்டார். ஜன்னல் வளர்ந்தது. ஒரு மூலையில் சும்மா ஒரு தக்காளிச்செடியைப் பச்சை மையில் தீட்டினார். நன்றாக வந்தது. இன்னொன்று தீட்டினார். கட்டிலுக்கு இடமில்லாமல் போய்விட்டது.

பிளானைப் பார்த்தவர்கள் எல்லோரும் "ஆஹா" என்றார்கள். ஐவியும் பார்த்தாள்.

"அத்தான், இதுல நான் எங்கே?"

"அதான் சொல்ல வந்தேன். முதல்ல இதைக் கட்டிருவோம். இது ஒரு சோதனை. சக்சஸ் ஆச்சுன்னா கவர்ன்மெண்டே வந்து பார்க்கும். நாட்டுல சோத்துக்கு எவ்வளவு பஞ்சம், பேப்பர் படிக்கிறியா? அடுத்து உனக்கு ரூம். பக்கத்துலயே. இதே சுவரை ஒட்டி."

"கிறிஸ்மஸுக்குள்ளயா?"

"நாட்டை விட உன் ரூம் பெரிசா ஐவி?" என்று கேட்டார். கோபமாக இல்லை. அன்பாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டுப் பென்சிலைச் சீவப் போனார்.

நாட்டைத் தூக்கி மேஜைமேல் வைத்துவிட்டால் எதிரே நிற்கிறவர் என்ன பேசுவது? இந்த ஐந்து வருஷத்தில் நம் ஊரில் எத்தனை வாயை இந்த ஒரு வாக்கியம் அடைத்திருக்கிறது என்று யாராவது ஆராய்ச்சி செய்யலாம். பொங்கல் மலருக்குப் பொருத்தமான கட்டுரை.

5

மேஸ்திரி முனிராஜ் வந்தான். கதைகளில் வருகிற மேஸ்திரிகளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும், படித்தவர்கள் தப்புச் செய்யும்போது பீடியை இழுத்துக்கொண்டு அர்த்தத்தோடு சிரிப்பார்கள். என் முனிராஜுக்கு ஒன்றும் தெரியாது. செங்கல் சுவர் கட்டுவான், அதுவும் சுமாராக. பிளானைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, "ஆகலி சார்" என்றான். ஆகட்டும் என்பதைத் தவிர அவனிடம் வேறு பதில் கிடையாது.

"முனிராஜ், ரெண்டு பக்கம் பலகை அடைச்சு, நடுவுல ஈரமண்ணைக் கொட்டி, திமிசுக்கட்டையால இடிக்கணும். கல்லு மாதிரி ஆகணும்."

"ஆகலி சார். காஜின மனெ பேஷா ஆகும்."

காஜின மனெ என்றால் கண்ணாடி வீடு. அந்தப் பெயரே நின்றுவிட்டது.

மண்ணுக்கு எங்கே போவது? இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இந்தக் கதையில் இருக்கிற பங்குக்காக, அதாவது மாதாகோயிலைச் சேர்ந்த குடும்பங்களுக்காக, நானே உண்டாக்கிய வழக்கம், எந்தக் கோயில் என்று தேடிப்போக வேண்டாம். பங்கில் யாராவது புதிதாக வீடு கட்டினால், பூசை முடிந்ததும் ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டிலிருந்து ஒரு கூடை மண் கொண்டுவந்து கடைக்காலில் கொட்டும். எல்லார் வீட்டு மண்ணும் சேர்ந்தால் அந்த வீடு விளங்கும். கூடையை வேண்டாம் என்பது அந்தக் குடும்பத்தையே வேண்டாம் என்பதற்குச் சமம்.

ஜூடித் ஏற்கெனவே பங்கில் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள், ஐவிக்கு ரூம் கட்டுகிறோம் என்று. பிளான் மாறியதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை பங்கே திரண்டு வந்தது. சூசைநாதன் குடும்பம், மதலைமுத்து குடும்பம், பெட்டி டீச்சர், எல்லோரும் தலையில் கூடையோடு. வழக்கமாக ஒரு கூடை கொண்டுவருகிறவர்கள் கூடுதலாகவே கொண்டுவந்தார்கள். ஐவிக்கு அல்லவா. ஒரு பெண் தனியாக நிற்கிறாள், அவளுக்கு ஒரு கூரை வேண்டும். அது எல்லோருக்கும் புரிந்தது.

மனையில் அடுக்கியிருந்த கண்ணாடியைப் பார்த்தும் ஒருவரும் சந்தேகப்படவில்லை. எங்கோ ஒரு பழைய பங்களாவை இடித்தபோது ஏலத்தில் வந்த ஜன்னல்கள் அவை. "தைக்கிறவளுக்கு வெளிச்சம் வேணுமில்ல" என்று பெட்டி டீச்சர் மற்றவர்களுக்கு விளக்கினார். ஐவி எல்லோருக்கும் காப்பி கொடுத்தாள்.

பிரகாசம் மண்ணை முகர்ந்து பார்த்தார். கறுப்பாக, பொலபொலவென்று, வாசனையாக இருந்தது. முதல்தரமான மண் என்று தீர்ப்புச் சொன்னார். கடைக்காலுக்கு என்று வந்த மண் அத்தனையும் சுவருக்குப் போனது.

கூடை மண் எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். நல்ல மனசோடு மண் வெட்டப் போகிற மனிதர் எங்கே வெட்டுவார்? லேசாக இருக்கிற இடத்தில். சமையலறைக்குப் பின்னால், அரிசி கழுவிய தண்ணீரும் காய்கறி நறுக்கிய குப்பையும் விழுந்து விழுந்து மெத்தையாகிப்போன இடத்தில். செடிக்கு அது அமிர்தம், சுவருக்கு விஷம். ஒவ்வொரு கூடையிலும் அந்தக் குடும்பம் அதுவரை தின்று துப்பிய எல்லா விதையும் இருந்தது.

பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லித் தாராளமாகத் தீர்த்தம் தெளித்தார். முனிராஜ் இடித்தான். எல்லோரும் முறை வைத்து இடித்தார்கள். உப்புமா சாப்பிட்டுக் கலைந்தார்கள்.

6

சுவர் எழும்பியது. கூரைக்குக் கண்ணாடி போதவில்லை, மங்களூர் ஓடு போட்டார்கள். மழை வந்தது.

முதலில் கிழக்குச் சுவரில் பச்சையாக ஏதோ மீசைபோல் அரும்பியது. பாசி என்றார் பிரகாசம். பாசி இரண்டு இலை விட்டது. தண்டுக்கீரை. அதற்குப் பக்கத்தில் மிளகாய். அதற்குமேல் தக்காளி. வடக்குச் சுவரின் நடுவில் பூசணி. அடுத்தடுத்த மழையில் சுவரே ஒரு காய்கறிக்கடை ஆகிவிட்டது.

பங்கு மக்கள் பார்க்க வந்தார்கள். அவரவர் எங்கே கொட்டினோம் என்பது அவரவருக்கு ஞாபகம் இருந்தது.

"இது எங்க கூடை" என்றார் சூசைநாதன், பூசணியைத் தடவிக்கொண்டு.

"ஹௌதா? அப்படியா? பூசணி நீங்க எப்ப தின்னீங்க? உங்க வீட்ல கருவாடுதானே?" என்றார் மதலைமுத்து. "இது எங்களுது ரீ. நாங்கதான் இந்த மூலையில போட்டோம்."

பெட்டி டீச்சர் சண்டை போடவில்லை. ஒரு பையோடு வந்து தன் பாகத்துக் கீரையைக் கிள்ளிக்கொண்டு போனார். அடுத்த வாரமும் வந்தார்.

உள்ளே என்ன நடந்தது? உள்ளே சயின்ஸ் நடந்தது. பிரகாசம் தொட்டிகளில் வரிசையாக நட்ட தக்காளிகள் வெளிச்சத்தைத் தேடி நூல் நூலாக நீண்டு கண்ணாடியில் போய்ச் சாய்ந்தன. சூடு வெளியே போய்விடக்கூடாது என்று ஜன்னல்களை ஆணி அடித்து மூடியிருந்தார். மழை நின்று வெயில் வந்ததும் உள்ளே இட்லி வேகும் போலிருந்தது. பூத்த பூவெல்லாம் உதிர்ந்தது. ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. வெளியே, சுவரில், யாரும் தண்ணீர் ஊற்றாத தக்காளி கொத்துக் கொத்தாகப் பழுத்துத் தொங்கியது.

"சுவர்ல காய்க்குதே, அதையாவது எடுத்து ரசம் வைக்கட்டுமா?" என்று ஜூடித் கேட்டாள்.

"அதைத் தொடாதே. அது களை" என்றார் பிரகாசம்.

7

விமர்சகர்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணாடி வீடு என்பது நமது புதிய தேசம், பலர் கூடை மண் கொடுத்துக் கட்டிய சுவர், உள்ளே யாருக்கும் இடமில்லை, என்றெல்லாம் நீங்கள் எழுதப் போகிறீர்கள். எழுதுங்கள். உங்கள் சிரமத்தைக் குறைக்க நானே எழுதிவிட்டேன். ஆனால் எனக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. தேசம் எப்படியாவது சமாளித்துக்கொள்ளும். ஐவிக்குக் கிறிஸ்மஸ் வரைக்கும்தான் கெடு.

என்னுடைய உண்மையான தொல்லை வேறு. பிரகாசத்தைக் கெட்டவனாக்க எனக்கு வரவில்லை. குடிகாரனாக இருந்தால் பாட்டிலை உடைக்கலாம். அடிக்கிறவனாக இருந்தால் நாலு பேர் கேட்பார்கள். இவர் தினமும் செத்துக்கொண்டிருக்கிற தக்காளிகளின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்து, "என்ன கஷ்டம் உனக்கு?" என்று கேட்கிறார். குரலில் அத்தனை கனிவு. அந்த முக்காலிக்குப் போக ஐவி படுக்கிற நடையைத் தாண்டித்தான் போகிறார். பாயைச் சுருட்டிக்கொண்டு அவள் ஒதுங்கி நிற்கிறாள். அவளிடம் அந்தக் கேள்வியை அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. இதை எழுதும்போது எனக்குப் பேனாவைப் போட்டுவிட்டு அவரை நாலு வார்த்தை கேட்கலாம் போல ஆத்திரம் வந்தது. என்ன கேட்பது? நல்லவரை எந்தப் பிரிவின்கீழ் கேட்பது?

ஒரு முறை ஐவியே கேட்டாள்.

"அத்தான், கிறிஸ்மஸ் வருது. அவங்க அண்ணன் வருவாரு."

"வரட்டும், பேசிக்கலாம். மார்கழிக் குளிர் வரட்டும் ஐவி. அப்பத்தான் இதோட பவர் தெரியும். தக்காளிக்குக் குளிரும்போது இந்தச் சுவர் என்ன பண்ணுதுன்னு பாரு."

"தக்காளிக்குக் குளிருமா அத்தான்?" என்று கேட்டாள் ஐவி.

"பின்னே?" என்றார் பிரகாசம். அவருக்கு அந்தக் குரல் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

8

முடிவுகள். பத்திரிகைக்குத் தோதாக இரண்டு தயாராக இருக்கின்றன.

(அ) ஆசிரியர் முடிவு. விவசாய இலாகாவிலிருந்து ரத்தினவேல் என்று ஓர் இளம் அதிகாரி வருகிறார். சுவரில் காய்த்ததைப் பார்த்து வியக்கிறார். பிரகாசம் தன் தவறை உணர்ந்து கண் கலங்க, அதிகாரி ஐவியின் தையலைப் பார்த்து... பிற்பகுதி உங்களுக்கே தெரியும். கலியாணம், சீர்திருத்தம், மூவர்ணக்கொடி. அதிகாரிக்கு மதம் மாற்றுவதா, ஐவிக்கு மாற்றுவதா என்ற சிக்கலில் இந்த முடிவு நின்றுவிட்டது. தவிரவும், ஓர் அறை கேட்டவளுக்கு ஓர் ஆளைக் கொடுத்து அனுப்புவது என்ன நியாயம்? அவள் அதையா கேட்டாள்?

(ஆ) இலக்கிய முடிவு. மழையில் ஊறிய சுவர் சரிந்து ஐவிமேல் விழுகிறது. பிரகாசம் மண்ணைக் கையால் தோண்டுகிறார். வாசகர்கள் கைக்குட்டையோடு தயாராக இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் நான் புரூப் திருத்துகிறவன் ஐயா. காசநோயிலும் கிணற்றிலும் ரயிலடியிலும் எத்தனை விதவைகளை அடக்கம் செய்திருக்கிறேன், கமா தவறாமல்! இவளைக் கொல்ல மாட்டேன். சுவரும் விழாது. கொடிகளைப் பிடுங்கிவிட்டு முனிராஜ் மேலே சாணமும் மண்ணும் குழைத்துப் பூசிவிட்டான். "ஆகலி" என்று சொல்லிக்கொண்டே பூசினான். நிற்கிறது.

இரண்டையும் அடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது ஐவி எழுந்தாள். நான் எழச் சொல்லவில்லை.

9

கிறிஸ்மஸுக்கு முன்னால் வீடுகளுக்கு வெள்ளையடிக்கிற வாரம். பிரகாசம் பள்ளிக்கூடத்தில் இருந்தார். முன்கட்டுக்கு அடித்துவிட்டு முனிராஜ் சாப்பிடப் போயிருந்தான். மிச்சச் சுண்ணாம்பு பக்கெட்டில் இருந்தது.

ஐவி கண்ணாடி வீட்டுக்குள் போனாள். தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே, வெயிலில், சுவரோரமாக வைத்தாள். பிடுங்கிப் போடவில்லை. அவற்றின்மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. பிறகு ஜன்னல்களின் ஆணிகளை நெம்பி எடுத்தாள். அடைபட்டிருந்த காற்று வெளியேறியது. தரையைக் கூட்டினாள். மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்து, உள்பக்கத்திலிருந்து, கண்ணாடிமேல் இழுத்தாள். ஒரு வரிசை வெள்ளையானது. அடுத்த வரிசை. வெளியே இருந்த மனையும் தெருவும் ஒவ்வொரு கட்டமாக மறைந்தன. வெளிச்சம் மட்டும் பால்போல் உள்ளே நின்றது. தைக்க அதுவே போதும்.

ஜூடித் டியூட்டி முடிந்து வந்தவள் வாசலில் நின்று பார்த்தாள்.

"ஐவி, என்னடி பண்ற? அவர் பார்த்தா?"

"பார்க்க முடியாதுக்கா. அதுக்குத்தானே அடிக்கறேன்."

"சும்னெ விளையாடாதே. அவர் வந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவர் வந்து வெளியே நின்னு 'ஐவி'ன்னு கூப்பிட்டா, நான் கதவைத் திறக்கறேன். உட்கார வச்சுப் பேசறேன்."

"கூப்பிடாம, தள்ளிட்டு உள்ளே வந்துட்டார்னா?"

ஐவி மட்டையைப் பக்கெட்டில் வைத்தாள். முழங்கைவரை சுண்ணாம்பு.

"அப்போ இது அவரோட தக்காளி வீடுதான். பெட்டியைக் கட்டிக்கிட்டு சாமராஜநகர் போறேன். அவங்க அண்ணன் வர்ற வரைக்கும்கூட இருக்க மாட்டேன். ரெண்டுல ஒண்ணு எனக்கு இன்னிக்குத் தெரியணும்க்கா."

ஜூடித் நர்ஸ் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள். அவளும் ஐவியுமாக உபரிக் கட்டிலைத் தூக்கி வந்து போட்டார்கள். டிரங்குப் பெட்டி வந்தது. தையல் மெஷின் வந்தது. கதவைச் சாத்திவிட்டு ஜூடித் சமையலறைக்குப் போய்விட்டாள்.

பிரகாசம் சாயங்காலம் வந்தார். குடையை மாட்டிவிட்டு, வழக்கம்போல் முக்காலியைத் தேடிக் கொல்லைப்பக்கம் வந்தார். நடையில் பாய் இல்லை. அவர் அதைக் கவனித்தாரா என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. தொட்டிகள் வெளியே இருப்பதைக் கவனித்தார். கண்ணாடி வெள்ளையாக இருப்பதைக் கவனித்தார். உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

கதவருகே வந்து நிற்கிறார். கதவு சாத்தியிருக்கிறது, தாழ் போடவில்லை. விரலால் தொட்டால் திறந்துகொள்ளும். கை உயர்ந்திருக்கிறது.

இத்தனை நாள் அவர் இந்தக் கதவைத் தள்ளிக்கொண்டுதான் உள்ளே போனார். தக்காளிகளிடம் யாரும் உத்தரவு கேட்பதில்லை.

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். ஆசிரியர் கோபிப்பார், கோபிக்கட்டும். அந்தக் கையை நான் அசைக்க மாட்டேன். என்னைவிட உங்களுக்குப் பிரகாசத்தை நன்றாகத் தெரியும். உங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறார். குடிக்காதவர், அடிக்காதவர், பூசைக்கோ பூஜைக்கோ தவறாதவர். சில பேருக்கு அவர் கண்ணாடியில்தான் தெரிவார்.

இதைப் படித்துக்கொண்டே வரும்போது, 'அவர் கட்டின வீடு, அவர் வீட்டுக் கதவு, எதற்குக் கூப்பிட வேண்டும்?' என்று உங்கள் மனதில் ஒரு கணம் ஓடியதா? ஓடியிருந்தால் கதை முடிந்துவிட்டது. முடித்தது நீங்கள், நானல்ல. ஐவியிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். உள்ளேதான் இருக்கிறாள்.

போகிறபோது வெளியே நின்று குரல் கொடுங்கள்.